மூன்றாம் வீட்டுச் சீட்டு

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி மாதத்தில் பதில் எழுதுகிறேன். நீ திட்டுவதற்கு முன்பே என்னை நானே திட்டிக்கொண்டாயிற்று. வீட்டில் அனைவரும் நலம்.

2019 கோடையில் புழல் ஏரி வறண்டபோது எங்கள் குடியிருப்பின் தண்ணீர் லாரிக் கணக்கு என் தலையில் விழுந்ததை நீ அறிவாய். வீடுகள் 24. பூட்டிக்கிடந்த நாளுக்குப் பங்கு கிடையாது என்பது கூட்டத்தில் எடுத்த முடிவு என்பதால், ஒவ்வொரு நாள் செலவையும் அன்று ஆள் இருந்த வீடுகளுக்கு மட்டுமே பிரிக்க வேண்டும். கையால் போட்டுவந்த அந்தக் கணக்கை இந்த ஏப்ரலில் ஆக் (AWK) என்ற கணினி மொழியில் நிரலாக எழுதினேன். காக்கைக்குத் தொண்டை கட்டியதுபோல் ஒரு பெயர் என்று நீ கேலி செய்வாயே, அதேதான். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977இல் அதை உருவாக்கியபோது நாமே செயற்கூறு, அதாவது பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்கும் நிரல் துண்டு, வரையறுக்கும் வசதி அதில் இல்லை. 1985ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது வந்தது. பின்னால் எழுப்பிய மாடி என்பது படிக்கட்டிலேயே தெரிகிறது.

வீட்டு எண்ணைக் கொடுத்தால் அதன் மாதப் பங்கைக் கூட்டித் தரும் ஒரு செயற்கூறு எழுதி ஓட்டினேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 31ஆம் வீட்டுக்கு ஒரு தொகை! வீடுகளை எண்ணும் வெளி மடக்கிலும் (மடக்கு என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி), செயற்கூற்றுக்குள் ஏப்ரலின் 30 நாட்களை எண்ணும் மடக்கிலும் ‘ஐ’ என்ற ஒரே மாறியை, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் ஒரே பெட்டியை, வைத்திருந்தேன். ஆக்கில் செயற்கூற்றின் உள்ளே பிறக்கும் மாறியும் நிரல் முழுவதற்கும் பொதுச்சொத்து. முதல் வீட்டுக்கு நாட்களை எண்ணி முடித்தபோது ‘ஐ’ 31 ஆகிவிட, 24ஐத் தாண்டிவிட்டோம் என்று வெளி மடக்கும் கடையைக் கட்டிவிட்டது.

உள்ளே பெயரை ‘நாள்’ என்று மாற்றினேன். 24 வரிகளும் வந்தன. முதல் வீட்டுத் தொகையை மட்டும் கையால் சரிபார்த்தேன், பைசா பிசகவில்லை. கட்டணச் சீட்டுகளை அச்சடித்துக் கதவிடுக்குகளில் செருகிவிட்டேன்.

மறுநாள் காலையில் மூன்றாம் வீட்டு அம்மா வந்தார். சென்ற ஆண்டு கணவரை இழந்தவர். கையில் பாதித் தொகை இருந்தது. மீதியை ஓய்வூதியம் வந்ததும் தரலாமா என்று கேட்டார். நான் பெருந்தன்மையோடு தலையாட்டினேன், சேகர். பத்து மணிக்கு 24ஆம் வீட்டுக்காரர், குடியிருப்பின் மொத்தச் செலவையும் தன் பெயரில் எழுதியிருக்கிறாயே என்று படியிறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ‘மொத்தம்’ என்ற மாறியும் பொதுச்சொத்துதான். ஒவ்வோர் அழைப்பிலும் அது பூச்சியத்தில் தொடங்கும் என்று நான் எண்ணியிருக்க, அது முந்தைய வீட்டுத் தொகையோடு அடுத்ததைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. முதல் வீடு மட்டும் எப்போதும் சரியாகவே இருக்கும். நான் பார்த்ததும் அதைத்தான்.

உள்மாறி என்று அறிவிக்க ஆக்கில் தனிச்சொல்லே இல்லை. செயற்கூறு பெறும் மதிப்புகளின் பெயர்களான அளபுருக்களின் பட்டியலில் ‘வீடு’ என்று எழுதி, சற்று இடைவெளி விட்டு, ‘நாள்’, ‘மொத்தம்’ இரண்டையும் உபரி அளபுருக்களாகச் சேர்த்துவிட வேண்டும். அழைக்கும்போது வீட்டு எண்ணை மட்டும் கொடுத்தால், கொடுக்காமல் விட்டவை ஒவ்வொரு முறையும் வெறுமையாகப் பிறந்து, கணக்கில் பூச்சியமாக நின்று, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். அந்த இடைவெளி படிப்பவனுக்கான அடையாளம் மட்டுமே. மொழி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அழைக்கும் இடத்தில் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடம் விடக்கூடாது. விட்டால் இரண்டு எழுத்துச் சரங்களை ஒட்டச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இப்படியும் ஒரு ஏற்பாடா என்று எனக்குக் கோபம்தான்.

அன்று மாலையே அந்த அம்மாவிடம் திருத்திய சீட்டையும் மிகுந்த பணத்தையும் கொடுத்தேன். “கணினி போட்டது சரியாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன்” என்றார். எனக்கு வாய் வரவில்லை.

மறந்துவிடாதே: கூட்டும் அந்த மடக்கை உன் பழைய சீட்டுக் கணக்கு நிரலிலிருந்துதான் எடுத்தேன். அதில் ‘மொத்தம்’ அளபுருப் பட்டியலுக்குள் இருந்ததா, வெளியே இருந்ததா என்று இன்றே பார்த்து எழுது.

என்றும் அன்புடன்,
ராமு