பதக்கத்த திருப்பியும் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல பழைய சாமான் சேக்கிறவங்களப் பத்தி வந்த கட்டுரை நல்லாருந்திச்சு, ஆனா ஒரு ஜெர்மன் சிலுவைப் படத்துக்குக் கீழ "ஹிட்லர் குடுத்த வீரப் பதக்கம்"னு போட்டுட்டீங்களே. நடுவுல 1914 1918னு படத்துலயே தெரியுது ஐயா. அது முதலாம் உலகப் போருக்குப் போனவங்களுக்காக 1934 ஜூலைல ஜனாதிபதி ஹிண்டன்பர்க் உண்டாக்கின ஞாபகச் சிலுவை, அடுத்த மாசமே அவர் செத்துட்டார், அதுக்குப் பொறகு வந்த சர்டிபிகேட்ல ஹிட்லரோட பதவிப் பேர் இருக்கும், அது சரிதான், ஆனா வீரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மனுப் போட்டு வாங்குறது, எண்பது லட்சத்துக்கு மேல குடுத்திருக்காங்க. சிலுவையில வாள் உருவம் இருந்தா சண்டையில நின்னவர், வாள் இல்லாட்டி சண்டைக்குப் போகாம சேவையில இருந்தவர், கறுப்புன்னா போர்ல செத்தவரோட பொஞ்சாதிக்கோ தாய் தகப்பனுக்கோ குடுத்தது.

இவ்ளோ இருக்கிறதால வெலயும் கொறைவு. சேக்கிறவங்களுக்கு ருசியே பின்பக்கத்துலதான், செஞ்ச கம்பெனியோட முத்திரை சின்னதா குத்தியிருக்கும், நகைத் தொழிலுக்குப் பேர்போன போர்ட்ஸ்ஹைம் ஊர்ப் பேரே சிலதுல இருக்கும், கம்பெனிக்கு ஒண்ணுன்னு தேடிச் சேக்கிறாங்க. சாமான் இரும்பு, காந்தம் ஒட்டணும்.

இத ஏன் சொல்றேன்னா பண்டாரவளைப் பக்கம் யாவாரிமார் இப்ப ஒரு கதை வச்சிருக்காங்க, எந்த ஜெர்மன் சாமானா இருந்தாலும் "தியத்தலாவ கேம்ப்ல இருந்து வந்தது"ன்னு சொல்லி வெலய ஏத்துறாங்க. ரெண்டு போர்லயும் அங்க ஜெர்மன்காரங்கள அடைச்சு வச்சது உண்மைதான், ஜெர்மன்ல பொறந்த பௌத்த பிக்கு ஞானதிலோக தேரரே இருந்திருக்கார், அதுக்காக எல்லாமா அங்கருந்து வந்திருக்கும்?

முதலாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க மூழ்கடிச்ச பிரிட்டிஷ் கப்பல் லூசிட்டானியா பேர்ல வந்த பதக்கத்தோட கதை இன்னும் மோசம். மியூனிக்ல கார்ல் கெட்ஸ் செஞ்சது சில நூறுதான், கப்பல் மூழ்கினது 1915 மே 7, அவர் 5ன்னு போட்டுட்டார், அப்ப முன்னாலயே திட்டம் போட்டுட்டாங்கன்னு இங்கிலீஷ்காரன் அதையே பிடிச்சுக்கிட்டு ஜெர்மன்காரன திட்டுறதுக்காக லட்சக்கணக்குல நகல் அடிச்சு பெட்டியில போட்டு வித்தான். துரை பங்களாவுல இருந்து வர்றதெல்லாம் அநேகமா இந்த நகல்தான். மாசத்தப் பாருங்க, எம் ஏ வைன்னு இங்கிலீஷ்ல இருந்தா நகல், ஜெர்மன்ல எம் ஏ ஐ.

அடுத்த தடவ படம் போட்டா பின்பக்கத்தையும் சேத்துப் போடுங்க ஐயா, அந்தத் தலைப்ப காட்டியே இங்க ஒருத்தர் சிலுவைக்கு டபுள் வெல கேக்கிறார்.

இப்படிக்கு,
பண்டாரவளை வாசகர் ஒருவர்