மேல்மலை மாணவர்கள் பரங்கிப்பேட்டை சென்றுவர உதவி கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர்கள், பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு உயர்நிலைப் பள்ளி,
கொடைக்கானல் மேல்மலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் சென்றுவர அரசுப் பேருந்தும் தங்குமிடமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஊர் உலகமே எங்கள் மலையைப் பார்க்க வருகிறது. 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவர வேண்டிய அளவுக்குக் கூட்டம். ஆனால் நாங்கள் பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் கூலிக்குப் போகிறவர்கள்; எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் கடலைப் பார்த்ததே இல்லை. மலை இறங்கினால் பழனி, மிஞ்சிப்போனால் மதுரை, அதோடு சரி.

சென்னை மெரினாவுக்குக் கூட்டிப்போகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நிற்பதிலேயே பொழுது போய்விடும். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை சிறிய ஊர். வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரம், மணல் கரை, மீன் இறங்கும் அன்னங்கோயில் படகுத்துறை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் எல்லாம் அங்கேயே உண்டு. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுரபுன்னை மரம் தண்ணீருக்குள் கால்களை ஊன்றி நிற்பதையும், வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பதையும் படகில் உட்கார்ந்தபடியே கிட்டத்தில் பார்க்கலாம். 2004 சுனாமியின்போது அந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றதைப் பிள்ளைகள் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

எங்களுக்கு இதில் ஒரு சொந்தமும் இருக்கிறது. மேல்மலையின் வடசரிவில் இறங்கும் ஓடைகள் அமராவதிக்குப் போகின்றன. அமராவதி கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் பிச்சாவரத்துக்குத் தெற்கே கடலைத் தொடுகிறது. எங்கள் தோட்டத்து ஓரமாக ஓடும் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுப் படித்த பிள்ளைகள், அந்தக் கோட்டின் மறுமுனையை ஒருமுறை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே எங்களுக்கு சீசன். சாலை நகராது, பெற்றோரும் வேலையை விட்டு வர முடியாது. அங்கேயும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். ஆகவே பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் போவதுதான் தோது. ஒன்பதாம் வகுப்பு என்பதால் பொதுத்தேர்வுக் கவலையும் இல்லை.

தனியார் வண்டி வாடகை எங்களால் கட்டுப்படியாகாது. மேல்மலைச் சாலைக்குப் பழகிய ஓட்டுநரோடு ஒரு அரசுப் பேருந்தைக் கட்டணச் சலுகையில் தரப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். பெரிய பேருந்து மேலே வருவது சிரமம் என்றால், வத்தலக்குண்டு வரை சிறிய பேருந்து, அப்புறம் வண்டி மாறிக்கொள்கிறோம். (கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்காத பிள்ளைகள்தான், கீழே வெயிலைத் தாங்குவார்களா என்பதுதான் எங்கள் யோசனை.) சிதம்பரம் பக்கம் அரசு மாணவர் விடுதியில் இரண்டு இரவு தங்க இடமும், மாணவியருக்குத் தனி அறையும் வேண்டும். இதற்காகக் கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால், கடல் உயிரியல் மையத்தைப் பார்க்கவும் பிச்சாவரம் படகுப் பயணத்துக்கும் அனுமதி எளிதாகும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. எனவே கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்க விடமாட்டோம். உயிர்காப்புக் கவசம் இல்லாமல் யாரும் படகில் ஏற மாட்டார்கள். ஆசிரியர்களோடு பெற்றோர் தரப்பில் ஆணும் பெண்ணுமாகச் சிலர் உடன் வருகிறோம். சாப்பாட்டுச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

மாணவர் பட்டியலும் பெற்றோரின் சம்மதக் கடிதங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பேருந்து பற்றிய முடிவை டிசம்பருக்குள் தெரிவித்தால் மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழுவினர்