அந்த மூட்டைய நனையாம காப்பாத்தினவருக்கு

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா போன் ஓயவே இல்ல, எடுக்காம விட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க, எடுத்தாலும் அழுகைதான் வருது பேச்சு வரல, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எங்க அக்காவைக் கொன்ன கேஸ்ல இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தனைப் புடிச்சிருக்காங்க. யாரைப் புடிச்சாங்க, எங்க வச்சு புடிச்சாங்க, எத்தனை குடும்பம்னு எல்லாம் டிவியிலயே பார்த்திருப்பீங்க, அதை நான் திரும்ப எழுதப்போறதில்ல. அக்காவோட அந்த நாளைப் பத்தியும் எழுதல, தாராவில நம்ம ஆளுங்களுக்கு அது தெரியாதது இல்ல.

ஏபிஐ மேடம், அதாவது அசிஸ்டென்ட் போலீஸ் இன்ஸ்பெக்டர், நேர்ல வந்து விஷயத்தைச் சொன்னப்போ அம்மா முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தா. கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சுப் போய் குழாயில மூஞ்சி கழுவிட்டு வந்து, "நெசமாவா தாயி"ன்னு ஒருவாட்டி கேட்டா, மேடம் தலையாட்டினதும் திரும்பவும் கீரை முன்னாடி உக்காந்துட்டா. கை மட்டும் காம்பையும் சேர்த்து உருவிட்டு இருந்துச்சு. நான் பார்த்துட்டே நின்னேன்.

நன்றி சொல்ல வேண்டியவங்க நிறைய பேரு. ஒரு பைசா வாங்காம இத்தனை வருஷம் கூட வந்த வக்கீல் அண்ணன், ராத்திரி பத்து மணிக்கும் கடையைத் திறந்து ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்த 90 அடி ரோடு தம்பி, அப்பா போனப்போ பணம் திரட்டின ஊர்க்காரங்க, அம்மாவைத் தனியா விடாம வருஷம் பூரா மாத்தி மாத்தி வந்து படுத்துக்கிட்ட எங்க சால்ல, வரிசை வீட்டுல, இருக்கிற அக்காங்க, யாருமே கேக்காத காலத்துலயும் நாலு வரி எழுதிட்டே இருந்த அந்த ரிப்போர்ட்டர், கலினா தடயவியல் லேப்ல வேலை பார்க்கிறவங்க, எங்களை மாதிரியே காத்துக்கிட்டு இருந்த மத்த குடும்பங்க, மூடிக்கிடந்த ஃபைல்களைத் தூசி தட்டி ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வச்சுப் பார்த்த ஏபிஐ மேடம். உங்க எல்லாருக்கும் எங்க வீடு கடன்பட்டிருக்கு. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே வருவேன்.

ஆனா இன்னிக்கு நான் எழுத வந்தது வேற ஒருத்தரைப் பத்தி. அவர் பேரு எந்தச் செய்தியிலயும் வரல, இங்கயும் நான் போடல, போட வேணாம்னு அவரே சொல்லிட்டாரு.

எங்க கேஸ் ரொம்ப நாள் முன்னாடியே 'ஏ சமரி' ஆயிடுச்சுன்னு தெரியும்ல. குத்தம் நடந்தது உண்மை, செஞ்சவன் யாருன்னு கண்டுபுடிக்க முடியல, அதான் அதுக்கு அர்த்தம். அந்தப் பேப்பரை கையில குடுத்தப்போ ஒரு அதிகாரி, இனிமே வீணா அலையாதீங்கன்னாரு, கெட்டவர் இல்ல, ஆனா அந்த வார்த்தை இன்னும் குத்துது. கொலைக்கு இத்தனை வருஷத்துக்குள்ளதான் கேஸ் நடத்தணும்னு கெடு எல்லாம் சட்டத்துல கிடையாதுன்னு வக்கீல் அண்ணன் சொன்னதைப் புடிச்சுக்கிட்டுதான் நாங்க இருந்தோம். 2018 ஏப்ரல்ல கலிபோர்னியாவுல, 13 கொலை செஞ்ச ஒருத்தனை, அதுவும் முன்னாள் போலீஸ்காரன், 72 வயசுல புடிச்சாங்க, அவன் செஞ்ச கடைசி கொலை 1986-ல. பழைய டிஎன்ஏவை வச்சு தூரத்துச் சொந்தக்காரங்க வழியா வம்சத்தையே தேடிப் போய்ப் புடிச்சாங்கன்னு வாசிச்ச அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. அங்க பழைய சாம்பிளை யாரோ பத்திரமா வச்சிருந்திருக்காங்க, நம்ம அக்காவோட துணி இன்னும் இருக்கா? அந்த ஒரு கேள்விதான். அடுத்த வாரமே மனு எழுதிக் குடுத்தேன், அதுக்கப்புறம் எத்தனை மனுன்னு எனக்கே கணக்கு இல்ல.

துணி இருந்துச்சு. அது எப்படி இருந்துச்சுங்கிறதுதான் எனக்கு இப்போ தெரிஞ்சது.

2005 ஜூலை 26. மும்பைல இருக்கிற யாருக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்ல, சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை, மித்தி ஆறு ஊருக்குள்ள வந்துச்சு, நான் தாதர்ல இருந்து இடுப்பளவு தண்ணியில நடந்து வீட்டுக்கு வந்தேன். அந்த நேரத்துல அக்காவோட துணி இருந்த முத்தேமால் ரூமுக்குள்ளயும் தண்ணி ஏறிட்டு இருந்திருக்கு, நான் அதை ஒரு தடவை கூட நினைச்சுப் பார்த்ததில்ல. கேஸ்ல கைப்பத்தின பொருளை வைக்கிற ரூம் அது, தரைத்தளம், ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதுக்குப் பொறுப்பா இருந்த ஹவல்தார்தான் இவரு.

ரிஜிஸ்டர்ல மராத்தியில ஒரு குறிப்பு இருக்குன்னு ஏபிஐ மேடம்தான் சொன்னாங்க, தண்ணி வந்ததால பொருளை எல்லாம் மாடிக்கு மாத்தியாச்சுன்னு, தேதி போட்டு, கையெழுத்து போட்டு. எங்களுக்கு லேப்புக்கு அனுப்ப ஒண்ணு மிச்சம் இருந்துச்சுன்னா அது இந்த ஆளாலதான், முடிஞ்சா பார்த்துட்டு வாங்கன்னாங்க. போன ஞாயித்துக்கிழமை சயான்ல இருந்து ஸ்லோ லோக்கல் ஏறி கல்யாண் தாண்டிப் போனேன். ரிட்டையர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு, சின்ன வீடு, வாசல்ல துளசி மாடம். காக்கான்னுதான் கூப்பிட்டேன், மராத்தியில சித்தப்பாவை அப்படித்தான் சொல்லுவாங்க. அவர் வீட்டம்மா, காக்கு, போஹே (அவல் உப்புமா) செஞ்சு வச்சிருந்தாங்க.

அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். மத்தியானமே கரண்ட் போயிடுச்சாம், கூட ஒரு ஹோம்கார்டு பையன் மட்டும். முதல்ல மேஜை மேல மேஜை போட்டு அடுக்கினாங்களாம், அதுவும் பத்தாதுன்னு தெரிஞ்சதும் பொட்டலம் பொட்டலமா தலையில வச்சு மாடிப்படி ஏத்தினாங்களாம், ராத்திரி வரைக்கும். அப்போ அவர் பொண்டாட்டி புள்ளைங்க குர்லாவுல, அவங்க வீடே முங்கிப்போய் மாடி வீட்டுக்காரங்க இவங்களை மேல ஏத்திக்கிட்டாங்க, அது இவருக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும். காக்கு அதைச் சொல்லும்போது சிரிச்சாங்க, எனக்கு சிரிக்க முடியல.

தண்ணி வடிஞ்சதும் ஈரமான பொட்டலங்களை நியூஸ்பேப்பர் மேல பரப்பி, கரண்ட் வந்ததும் ஃபேன் போட்டுக் காய வச்சிருக்காரு, மேலுறை கெட்டுப்போனதுக்கு பெரிய அதிகாரி முன்னாடி, பஞ்ச் சாட்சி, அதாவது வெளியாளுங்களைச் சாட்சியா வச்சு, புது பழுப்புப் பேப்பர் சுத்தி அரக்கு முத்திரை போட்டிருக்காரு. எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில கட்டிடு, இனிமே நனையாதுன்னு யாரோ சொன்னாங்களாம். இவர் சாத்தாரா ஊர்ப் பக்கத்து விவசாயி மகன், விதை நெல்லை பிளாஸ்டிக்ல கட்டினா புழுங்கிப் பூஞ்சை புடிக்கும், துணியிலயும் காயிதத்துலயும்தான் கட்டணும்னு அவங்க அப்பா சொல்லுவாராம், அதனால மாட்டேன்னுட்டாரு. இதை நான் மேடம்கிட்ட சொன்னப்போ அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ரத்தம் பட்ட துணி ஈரத்தோட புழுங்கினா கிருமி சேர்ந்து டிஎன்ஏவைத் தின்னுடும், காய வச்சு காயிதத்துல வச்சா பல வருஷம் தாங்கும், லேப்ல இன்னிக்கும் அதைத்தான் சொல்றாங்களாம். ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் சிவப்புப் பென்சில்ல "பிஜூ நயே"ன்னு எழுதி வச்சிருந்தாராம், நனையக்கூடாதுன்னு. அக்காவோட பொட்டலத்துலயும் அது இருந்துச்சாம்.

நான் அவர்கிட்ட எங்க கேஸோட சி.ஆர். நம்பரைச் சொன்னேன், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன் அதை. அவர் ரொம்ப நேரம் யோசிச்சாரு, மேல பார்த்தாரு, அப்புறம் ஞாபகம் இல்ல மகளேன்னாரு. எந்த கேஸ்னே தெரியாது. திருட்டு சைக்கிள், அடிதடியில ஒடைஞ்ச கட்டை, யாரோ ஒருத்தரோட செருப்பு, அதுங்க நடுவுல எங்க அக்கா புடவை, எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் தூக்கிட்டுப் போயிருக்காரு. ஒரு நிமிஷம் எனக்கு மனசு சுருங்கிப்போச்சு, உண்மையைச் சொல்றேன். அவருக்கு ஞாபகம் இருக்கும், எங்களைத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுட்டுதான் அவ்ளோ தூரம் போனேன். திரும்பி வரும்போது டிட்வாலா லோக்கல்ல நின்னுட்டே வந்தேன், தானே தாண்டினப்போதான் எனக்கு உறைச்சுது, தெரிஞ்சவங்களுக்குச் செய்யறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன், இந்த மனுஷன் யாருக்குன்னே தெரியாம செஞ்சிருக்காரு. எங்க ஆச்சி 1968 கதை சொல்லுவா, தூங்குறவங்களை அடிச்சுக் கொன்ன ராமன் ராகவன் பயத்துல அந்த வருஷம் மும்பைல பிளாட்பாரத்துல, குடிசையில படுக்கிறவங்க தூங்காம கிடந்ததை. ஆகஸ்ட் 27-ம் தேதி அலெக்ஸ் ஃபியால்ஹோன்னு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் ரோட்ல போனவனை அடையாளம் கண்டு புடிச்சாரு, அவர் பேரு எழுதி வச்சிருக்காங்க, எழுத வேண்டியதுதான். மூட்டை சுமந்தவங்க பேரை யாரு எழுதுவா?

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ஆயி கஷி ஆஹே?" அம்மா எப்படி இருக்காங்க. இத்தனை வருஷத்துல அந்தக் காக்கி உடுப்புப் பக்கத்துல இருந்து எங்க அம்மாவைக் கேட்ட முதல் ஆள்.

இன்னும் ஒண்ணும் முடியல, அது எனக்குத் தெரியும். அவன்தான்னு கோர்ட் சொல்லணும். 90 நாளைக்குள்ள சார்ஜ்ஷீட் போடணும், அப்புறம் செஷன்ஸ், சாட்சி, தேதி மேல தேதி. ஒரு தேதியைக் கூட விடமாட்டேன், இது அக்கா மேல சத்தியம். இன்னொண்ணும் சொல்லிக்கிறேன், உங்க வீட்டு கேஸ் எதாவது 'ஏ சமரி' ஆகிக் கிடந்தா எனக்குச் சொல்லுங்க, எழுதத் தெரியலன்னு சும்மா இருக்காதீங்க. கோர்ட் உத்தரவு வாங்கி பொருளை அழிச்சுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது, இருக்கா இல்லையான்னு முதல்ல கேட்டு ஒரு மனு குடுக்கணும். எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியும், ஸ்டேஷனுக்கும் கூடவே வர்றேன்.

அம்மா இன்னிக்குக் காலைல, "ஏட்டி, அந்த அய்யாவ நான் பாக்கணும்டி"ன்னுட்டா. அதிரசத்துக்கு அரிசி ஊறப் போட்டாச்சு, வேணாம்னாலும் கேக்க மாட்டேங்குறா. முட்டி வலியோட அவளால ஸ்டேஷன் பிரிட்ஜ் ஏற முடியாது, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல கார் வச்சிருக்கவங்க யாராவது கல்யாண் பக்கம் கூட்டிட்டுப் போக முடியுமா, பெட்ரோல் காசு நான் தர்றேன்.