விற்பனைப் பட்டியலில் வராத பிளேஸ்டேஷன்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீடியோ கேம் கன்சோல் (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி) போட்டி பற்றிய கட்டுரையைப் படித்தேன். சோனி எவ்வளவு விற்றது, நிண்டெண்டோ எவ்வளவு விற்றது, மைக்ரோசாஃப்ட் எங்கே சறுக்கியது என்று தேர்தல் முடிவு மாதிரி விறுவிறுப்பாக எழுதியிருந்தீர்கள். ஆனால் விலை ஏறிக்கொண்டிருப்பதைப் பற்றிக் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரிதான். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் செய்தி.

2004இலிருந்து ஏழெட்டு வருடம் தக்கலையில் கேம் கடை நடத்தியவன் நான். சின்ன அறை, நான்கு பழைய டிவி, நான்கு பிஎஸ்2, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 2. மணிக்கு 20 ரூபாய், அரை மணிக்கு 10. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் யூனிஃபார்மோடு வந்துவிடுவார்கள். “எழும்பு மக்கா, நேரம் ஆச்சு” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுபோகும்.

அந்த நான்கு பெட்டிகளில் ஒன்றுகூட இந்தியக் கடையில் வாங்கியதல்ல. மூன்று, துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்த்த சொந்தக்காரர்கள் கோடாலித் தைலம், நிடோ டப்பா இவற்றோடு அட்டைப்பெட்டியில் கட்டித் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கியவை. நாலாவது, கப்பலில் வேலை பார்த்த ஒருவர் அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கி வந்தது. அது 120 வோல்ட் பெட்டி. பின்பக்கம் எழுதியிருந்ததைப் பார்க்காமல் நம்மூர் பிளக்கில் சொருகிவிட்டேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. தப்பு முழுக்க என்னுடையது. பவர் சப்ளையை மாற்றி ஓட வைப்பதற்குள் ஒரு மாத வருமானம் போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கட்டுரை “இந்தியாவில் கன்சோல் சந்தை இருந்ததே இல்லை” என்கிறது. எங்கள் மாவட்டத்தில் இருந்தது. துபாய்க் கணக்கில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். இன்றைக்கும் அப்படித்தான். நிண்டெண்டோ தன் ஸ்விட்ச் கன்சோலை இந்தியாவில் முறையாக விற்பனைக்கு விட்டதே இல்லை. ஆனால் மார்த்தாண்டத்தில் என் அக்கா மகன் வீட்டில் ஒன்று இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கடையில் ஓடியது எல்லாம் சிப் அடித்த (கள்ள சிடியும் ஓடும்படி உள்ளே சிப் வைத்த) பெட்டி, 50 ரூபாய் டூப்ளிகேட் சிடி. ஒரிஜினல் வாங்கிக் கட்டுப்படியாகி இருக்காது. சரி, அதை நியாயப்படுத்த வரவில்லை. அந்தக் கள்ள சிடி இல்லாவிட்டால் தக்கலைப் பையன் ஒருவனும் பிஎஸ்2வைத் தொட்டிருக்க மாட்டான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி விலைக்கு வருகிறேன். பிஎஸ்2 வந்த 2000இல் அமெரிக்காவில் அதன் விலை 299 டாலர். 2009இல் 99 டாலர். நடுவில் 2006இல் பிஎஸ்3 வந்தது. அதன் பெரிய மாடல் 599 டாலர். பிஎஸ்2 உற்பத்தி நின்றதோ 2013 தொடக்கத்தில்தான். அதாவது வாரிசு வந்த பிறகும் ஆறு வருடத்துக்கு மேல் அப்பாவே கடையைப் பார்த்துக்கொண்டார். 15 கோடிப் பெட்டியைத் தாண்டியது அப்படித்தான். முதல் இரண்டு வருடத்தில் வாங்குபவன் பணக்காரன், ஐந்தாம் வருடம் வாங்குபவன் சம்பளக்காரன், எட்டாம் வருடம் சின்ன ஊர்க் கடைக்காரன். இந்த மூன்றாவது ஆளும் வந்தால்தான் பெரிய எண்ணிக்கை வரும்.

பெட்டியின் பலத்தை வைத்துத்தான் ஜெயிப்பு தோல்வி என்று கட்டுரையாளர் நினைக்கிறார் போலிருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நிண்டெண்டோ 64 பழைய கார்ட்ரிட்ஜையே (கேமைச் சிப்பில் வைத்துச் சொருகும் டப்பா) பிடித்துக்கொண்டிருந்தது. முதல் பிளேஸ்டேஷன் சிடிக்குப் போனது. சிடி அடிக்கச் செலவு குறைவு, இடமும் அதிகம். கேம் தயாரிப்பவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல், நிண்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி. அப்புறம் 2006இல் அதே நிண்டெண்டோ, பிஎஸ்3க்குப் பக்கத்தில் வைக்கவே முடியாத சோப்ளாங்கிப் பெட்டியாக வீயை (Wii) 249 டாலருக்கு விட்டது. பாட்டியும் பேத்தியும் ரிமோட்டை வீசி டென்னிஸ் ஆடினார்கள். அதுவும் 10 கோடியைத் தாண்டியது. அடுத்து வந்த வீ யூ 1.36 கோடியோடு படுத்தது. அது புதுப் பெட்டியா, பழைய வீக்கு ஒரு துணைக்கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. அதற்கு அடுத்த ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல். ஒரே கம்பெனிதான், ஏறுவதும் இறங்குவதும் இப்படி.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் செத்துவிட்டது என்ற உங்கள் தீர்ப்பையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மைக்ரோசாஃப்ட் 2015லேயே எத்தனை பெட்டி விற்றோம் என்று சொல்வதை நிறுத்திவிட்டது. 2023இல் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் கம்பெனியை வாங்கியது. 2025இல் தன் கார் ரேஸ் கேமான ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐ சோனியின் பிஎஸ்5லேயே இறக்கியது. தன் கடையில் கூட்டம் குறைந்ததும் எதிர்க்கடையில் சரக்கு போட ஆரம்பித்த வியாபாரி மாதிரி. அதைத் தோல்வி என்று சொல்லலாம். கல்லாவில் பணம் விழுந்தால் அவருக்கு என்ன?

இப்போது நடப்பதுதான் புதிது. 2025இல் அமெரிக்காவில் பிஎஸ்5 499 டாலரிலிருந்து 549 ஆனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், 299க்கு வந்த பெட்டி, ஒரே வருடத்தில் இரண்டு முறை ஏறி 399 டாலர் ஆனது. 2017இல் வந்த பழைய ஸ்விட்ச்கூட 299இலிருந்து 339. நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பிஎஸ்5, 2022 நவம்பரில் 54,990 ஆகிவிட்டது. முன்பெல்லாம் சிப்பைச் சின்னதாக்கச் சின்னதாக்க அடக்க விலை இறங்கும். இப்போது சின்னதாக்குவதற்கே செலவு கூடிவிட்டது. அதன் மேல் அமெரிக்காவின் இறக்குமதி வரி வேறு. ஆக, ஐந்தாம் வருடச் சம்பளக்காரனும் எட்டாம் வருடக் கடைக்காரனும் வரிசையிலேயே இல்லை.

பிள்ளைகள் வசதிக்காக போனுக்கு மாறினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வசதி மட்டும்தானா? குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும் ஒருவர் தன் மகனுக்கு 55,000 ரூபாய்ப் பெட்டியும், அதில் போட 5,000 ரூபாய் கேமும் எப்படி வாங்குவார்? போன் எப்படியும் வீட்டில் இருக்கிறது, அதில் துப்பாக்கிச் சண்டை இலவசம். பையன் அதைத்தான் ஆடுவான். என் கடை இருந்திருந்தால் 20 ரூபாய்க்கு ஒரு மணி நேரமாவது பெரிய திரையில் ஆடியிருப்பான். ஆனால் இன்றைய விலையில் நான்கு பிஎஸ்5 வாங்கிக் கடை திறக்க எனக்கு தைரியம் இல்லை.

அடுத்த முறை இப்படி ஓர் அட்டவணை போடும்போது, விற்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வெளிவந்த அன்று என்ன விலை, ஐந்து வருடம் கழித்து என்ன விலை என்று இரண்டு கட்டம் சேர்த்துவிடுங்கள். அப்புறம், வீ யூ என்று நீங்கள் போட்டிருக்கும் படம் வீயின் படம். நான் சொன்ன குழப்பம் உங்கள் அலுவலகம் வரைக்கும் வந்திருக்கிறது.

அன்புடன்,
முன்னாள் கேம் கடைக்காரன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.