அப்பாவுக்கு, மலைக்குப் போவது பற்றி

பெர்ன், சுவிட்சர்லாந்து, ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு போனில் "மலையெல்லாம் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீ என்றதும் ஊர்க்காரர்களோடு நீங்களும் மேலே ஏறிப் போனீர்கள். விடிந்து வந்தபோது யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்துபோய்விட்டார்கள். அதில் பலர் என் வயதுப் பெண்கள். அந்தக் காலையை நானும் மறக்கவில்லை அப்பா.

அதனால் எதையும் மறைக்காமல் எங்கள் திட்டத்தை அப்படியே சொல்கிறேன். படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

இங்கே தினமும் ஆபீஸ் போகும்போது ஆரே ஆற்றின் மேல் ஒரு பெரிய பாலத்தைத் தாண்டுவேன். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து தெற்கே பார்த்தால் வெள்ளையாக ஒரு சுவர் நிற்கும், அதுதான் ஆல்ப்ஸ். நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து போடிமெட்டு தெரிவது போலத்தான், என்ன, இது முழுக்கப் பனி. வந்து இரண்டு வருடமாகிறது, இன்னும் அந்த மலையடிவாரத்தில்கூட நான் ஒரு நாள் நடக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜூலை இரண்டாவது வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள். மூன்று பேர் போகிறோம்: நான், ஆபீஸில் பக்கத்து மேசைப் பெண், அப்புறம் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அக்கா சின்ன வயதிலேயே இங்கே வந்தவர், இந்த மலைப் பாதைகளில் நிறைய நடந்தவர். இங்கே தமிழிலேயே பூசை நடக்கிற ஞானலிங்கேச்சுரர் கோயிலில் பழக்கமானார், அம்மாவிடம் சொல்லியிருக்கிறேனே, அவர்தான்.

முதல் நாள் சுலபம். ரயிலில் லவுட்டர்புருன்னன், அங்கே கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி காற்றில் சிதறிக்கொண்டே விழும். அதைப் பார்த்துவிட்டு வெங்கன் போய், கேபிள் காரில் மேன்லிகன் ஏறி, அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை ஒன்றரை மணி நேரம் நடை. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற பாதை அது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் ரோப்வேயில் தேயிலை இறங்கிய கதையைத் தாத்தா சொல்வாரே, இங்கே ஆட்களே அப்படித்தான் ஏறி இறங்குகிறார்கள். ரயிலுக்கும் நடுவில் பல் வைத்த தண்டவாளம், ஊட்டி ரயில் மாதிரி. ஊட்டியில் இருக்கும் பல் சக்கர முறையே ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் எஞ்சினியருடையது, அதன் பழைய நீராவி எஞ்சின்களும் இங்கே விண்டர்தூரில் செய்தவை. அது தெரிந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் ஐகர் பாதை. ஐகர் சிகரம் 3967 மீட்டர். அதன் வடக்கு முகம் ஏறக்குறைய 1800 மீட்டருக்குச் செங்குத்தான பாறை, எத்தனையோ பேர் உயிரை விட்ட இடம், 1938இல்தான் முதல் முறையாக நாலு பேர் ஏறி முடித்தார்கள். பயப்படாதீர்கள், நாங்கள் அதில் கை வைக்கப் போவதில்லை, அதன் காலடியில் இருக்கும் பாதையில் போகிறோம். மேலே ஒரு ஸ்டேஷனில் இறங்கி அல்பிக்லன் வரை 6 கிலோமீட்டர், முக்கால்வாசி இறக்கம், 700 மீட்டர் இறங்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் போகும் என்று நீங்கள் சொல்வதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அதற்காக இரண்டு ஊன்றுகோல் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள்தான் பெரியது. ஷினிகெ பிளாட்டெயிலிருந்து ஃபவுல்ஹார்ன் வழியாக ஃபிர்ஸ்ட் வரை 16 கிலோமீட்டர், ஆறு மணி நேரம், நடுவில் 2681 மீட்டர் உச்சி. முதல் ரயிலில் ஏறினால்தான் ஃபிர்ஸ்டிலிருந்து கடைசி கேபிள் கார் கிளம்புவதற்குள் சேர முடியும். கோடையில் இங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும், திறந்த மேட்டுப் பாதையில் ஒதுங்க இடம் குறைவு. அதனால் முந்தின நாள் வானிலையில் இடி என்று இருந்தால் அந்த நடை இல்லை, ஏரியில் படகில் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இதை மூன்று பேரும் இப்போதே பேசி முடிவு செய்துவிட்டோம், அங்கே போய் நின்றுகொண்டு பேசினால் ஆசை ஜெயித்துவிடும். ஆபீஸ் பெண், பாறையில் கம்பியைப் பிடித்து ஏறுகிற பாதை ஒன்றுக்கும் கூப்பிட்டாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

இங்கே பாதை பிரியும் இடமெல்லாம் மஞ்சள் பலகை இருக்கும். அதில் கிலோமீட்டர் போடுவதில்லை, எத்தனை மணி நேரம் என்று போடுகிறார்கள். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம், வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு என்றால் மலைப் பழக்கம் வேண்டும், வெள்ளை நீலம் வெள்ளை என்றால் எங்களைப் போன்றவர்கள் போகவே கூடாது. யாருக்காவது அடிபட்டால் 1414க்குக் கூப்பிட்டால் ரேகா என்ற மீட்புப் படை ஹெலிகாப்டரில் வரும். அதில் வருடச் சந்தா கட்டிவிட்டேன். குரங்கணியில் அன்று இதெல்லாம் இருந்திருந்தால் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றியது.

இங்கே மலை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2025 மே 28இல் பனியாறு இடிந்து விழுந்து பிளாட்டன் என்ற ஊரே மூடிப்போனதை டிவியில் பார்த்தீர்கள். அது நாங்கள் போகிற இடத்துக்கு மலைத்தொடரின் அந்தப் பக்கம். ஆனால் மலை அசைவதைக் கவனித்துக்கொண்டே இருந்ததால், ஒன்பது நாள் முன்னாலேயே அந்த ஊரின் 300 பேரையும் ஆடு மாடுகளோடு வெளியேற்றிவிட்டார்கள். அப்படியும் ஒருவர் இறந்துபோனார். பாதை மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருந்தால் ஓர் அடிகூடத் தாண்ட மாட்டேன்.

ஒரு விஷயம் தெரியாமல் செய்துவிட்டேன். பழைய பொருள் கடையில் கணுக்கால் வரை மூடும் மலை ஷூ மலிவாகக் கிடைத்தது, பார்க்கப் புதிதாகவே இருந்தது. இங்கே ஊரை ஒட்டியிருக்கும் குர்டன் குன்றில் பழகப் போனபோது பாதி வழியில் இரண்டு அடிப்பாகமும் பிய்ந்து வந்துவிட்டன. பல வருடம் போடாமல் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் நுரை உளுத்துவிடுமாம். ஐகருக்குக் கீழே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. புதிது வாங்கிவிட்டேன், ஒரு மாதமாக அதைப் போட்டுக்கொண்டுதான் மார்க்கெட்டுக்கே போகிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், முதல் நாளைக்குப் புளிச்சாதம், மற்ற நாளுக்கு ரொட்டியும் கடலை மிட்டாயும். ஊர்களில் குழாயில் வரும் தண்ணீரையே குடிக்கலாம். அட்டைப்பூச்சி கிடையாது. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுவிடம் மட்டும் தள்ளிப் போக வேண்டும், அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யுங்ஃப்ராவ்யோக் ஸ்டேஷனுக்கு, 3454 மீட்டருக்கு, மலையைக் குடைந்து போகிற ரயிலில் இந்த முறை போகவில்லை. 1912இல் திறந்த ரயில் அது. நீங்களும் அம்மாவும் வரும்போது சேர்ந்து போகலாம் என்று வைத்திருக்கிறேன். அதற்கு நடக்கவே வேண்டாம்.

எந்த நாள் எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று ஒரு தாளில் எழுதித் தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குள் கூப்பிடுவேன், உங்களுக்கு அப்போது ஒன்பதரை. இந்த ஞாயிறு பேசும்போது போனை உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்