ராத்திரிப் பால் போத்தல்

சுங்கை சிப்புட்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அண்ணன் இந்த வருஷமும் பால்குடம் எடுக்கிறான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது பேரன் தருணுடைய பல் விஷயமாக.

போன மாதம் வீடியோவில் அவன் சிரித்தபோது பார்த்தேன். மேல்வரிசை முன்பல் இரண்டும் ஈறை ஒட்டிப் பழுப்பாக இருந்தன. பக்கத்துப் பல்லின் ஓரம் உடைந்தது போலவும் தெரிந்தது. "பல்லைக் காட்டு ஐயா" என்று நான் கேட்டதுமே நீ போனைத் திருப்பிவிட்டாய். "லைட் வெளிச்சம்மா" என்றாய். அதற்கப்புறம் நீ வீடியோவில் வரவே இல்லை. குரல் மட்டும் அனுப்புகிறாய், அதுவும் பஸ் இரைச்சலுக்கு நடுவில். வேலை அதிகம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் ஒரு தடவையாவது கடைசி வரை படிப்பாய்.

கவிதா, அது வெளிச்சத்தால் வந்த நிறம் இல்லை. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் எத்தனை பிள்ளைகளை வளர்த்து அனுப்பியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் தாய்மார்கள் இருட்டோடு பிள்ளையைக் கொண்டுவந்து ஏணையில் போடுவார்கள். கூடவே பால் போத்தல். டின்பாலைச் சுடுதண்ணீரில் கரைத்தது. அடியில் கரையாத பால் கெட்டியாகத் தங்கியிருக்கும், ரப்பர் முனையைச் சுற்றி எறும்பு ஊரும். பிள்ளை அதை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிடும். இரண்டு வயதுக்குள் மேல்வரிசை முன்பல் நான்கும் அரித்துப்போய் வேர்தான் மிஞ்சியிருக்கும், கீழ்வரிசை மட்டும் முத்து மாதிரி இருக்கும். ஏன் அப்படி என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. பிற்பாடு பாலர் பள்ளியில் வேலை பார்த்தபோது, பிள்ளைகளின் பல்லைச் சோதிக்க வந்த டாக்டரம்மா விளக்கினார். போத்தல் குடிக்கும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கேதான் ஊறி நிற்கிறது. மேல்பல்லுக்கு அந்தக் காவல் இல்லை. தூங்கும்போது எச்சில் சுரப்பதும் குறைந்துவிடும். விடிய விடியப் பால் பல்லிலேயே தேங்கி நிற்கும். வாயில் இருக்கிற கிருமி அந்தச் சீனியைத் தின்று புளிப்பாக்கி, பல்லைக் கரைக்கும். டின்பாலில் பாதிக்குப் பாதி சீனிதான். நீ பவுடராக வருகிற மாப்பால் வாங்குவாய், டின்பால் கொடுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பாலிலும் இயல்பாகவே சீனி உண்டு. அதோடு மைலோவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க வாயில் இருந்தால் மாப்பாலும் பல்லை அரிக்கும்.

அந்தத் தாய்மார்களை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள் ராத்திரி பிள்ளை அழுதால் என்ன செய்வாள்? போத்தலைக் கொடுத்தால்தான் அவளும் கண்ணை மூட முடியும். நீயும் நாலு மணிக்கு எழுந்து சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டுகிறவள். நான் பார்த்த அதே இருட்டில்தான் நீயும் பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிற ஆள் வீட்டில் விடுகிறாய். அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பல்லுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்.

ராத்திரிப் போத்தலை நிறுத்து. ஒரே நாளில் பிடுங்காதே, ஊரைக் கூட்டுவான். நாளுக்கு நாள் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வா. கடைசியில் வெறும் தண்ணீராகிவிடும், அப்புறம் அவனே வேண்டாம் என்பான். பாலைப் படுப்பதற்கு முன்னால் கப்பில் கொடு. குடித்து முடித்ததும் பல் துலக்கிவிடு. அதற்கப்புறம் காலை வரை தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது. காலையில் உனக்கு நேரம் இல்லாவிட்டால் பார்த்துக்கொள்கிற ஆளிடம் சொல்லித் துலக்கிவிடச் சொல். ராத்திரி துலக்குவதை மட்டும் தவறவிடாதே.

அவனே துலக்கட்டும் என்று பிரஷைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதே. ஏழு எட்டு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கை வராது. உன் மடியில் தலையைச் சாய்த்துப் படுக்க வை. ஒரு விரலால் மேல் உதட்டைத் தூக்கு. ஈறும் பல்லும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார். சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். வெள்ளையாக இருக்கும்போதே பல்லை உறுதியாக்குகிற ஃபுளோரைடு மருந்தைத் தடவினால் பல் மறுபடியும் இறுகிக்கொள்ளும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தானாகச் சரியாகாது. தருணுடையது பழுப்பு. பின்னால் கடைவாய்ப் பற்கள் எப்படி இருக்கின்றன என்று போனில் எனக்குத் தெரியவில்லை. நீ டார்ச் அடித்துப் பார்.

பற்பசையைப் பழ வாசனைக்காகவும் பொம்மைப் படத்துக்காகவும் வாங்காதே. அட்டையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்கு. மூன்று வயது வரைக்கும் ஓர் அரிசி அளவு போதும், இப்போது அவனுக்குப் பட்டாணி அளவு. துலக்கினதும் துப்பச் சொல். வாய் கொப்பளிக்கச் சொல்லாதே, பல்லில் ஒட்டின மருந்து போய்விடும். நம் வீட்டில் எல்லாரும் கொப்பளித்துத்தான் பழக்கம். தருணை அப்படிப் பழக்காதே.

தண்ணீர் விஷயமும் ஒன்று. புது வீட்டுக்குப் போனதும் சமையல் கட்டில் பெரிய ஃபில்டர் மாட்டினீர்களே, அது ஆர்.ஓ. என்று மாப்பிள்ளை சொன்ன ஞாபகம். ஆர்.ஓ. என்றால் குழாய்த் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடும் பெரும்பாலும் போய்விடும். பிள்ளைகளின் பல்லுக்காகத்தான் ஜொகூரில் 1957-லேயே தண்ணீரில் அதைக் கலக்க ஆரம்பித்தார்கள். நாடு முழுவதற்கும் என்று முடிவானது 1972-ல். நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் கிணற்றுத் தண்ணீர்தான், எங்களுக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது. தருணுக்குக் குழாய்த் தண்ணீரையே காய்ச்சி ஆறவைத்துக் கொடு. ஃபுளோரைடு கொதிக்க வைப்பதால் போகாது.

இதெல்லாம் இனி வராமல் இருக்கச் செய்ய வேண்டியது. வந்ததற்கு நீ அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகத்தான் வேண்டும். பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறதுதானே என்று யாராவது சொன்னால் கேட்காதே. முன்பல் ஆறு ஏழு வயதில் விழும், கடைவாய்ப் பால் பல் பத்து பன்னிரண்டு வயது வரைக்கும் இருக்க வேண்டியது. அது சீக்கிரம் போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், வரவேண்டிய பல் கோணலாக வரும். வேரில் சீழ் வைத்தால் கீழே உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லையே கெடுத்துவிடலாம். பிள்ளைக்கு வலி என்று சொல்லவும் தெரியாது. ஒரு பக்கமாக மென்று தின்பான், சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ராத்திரி எழுந்து அழுவான். தருண் சாப்பிட அடம் பிடிக்கிறான் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாயே, அதிலிருந்து எனக்கு இதே நினைப்புத்தான்.

கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் வந்தால் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. வலிக்கிறது என்று கிராம்புத் தைலத்தை ஈறில் வைக்காதே, பிள்ளை ஈறு வெந்துவிடும். பெரியவர்கள் போடுகிற ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்கக்கூடாது.

கிளினிக் என்றால் பிடுங்குவார்கள், மெஷின் போட்டுக் குடைவார்கள் என்று பயப்படாதே. சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது வெள்ளி கலந்த மருந்து ஒன்று தடவுகிறார்கள். ஊசி இல்லை, குடைவது இல்லை. சொத்தை மேலே பரவாமல் நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். சரசு அக்கா பேத்திக்குப் போட்டார்கள். ஒருவேளை நீ ஏற்கெனவே கூட்டிப்போய், அந்த மருந்தால்தான் தருண் பல் அப்படித் தெரிந்ததோ என்றுகூட ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்தேன். அப்படியென்றால் ஒரு வரி எழுதிப் போடு, எனக்கு நிம்மதி.

பல் டாக்டரைக் கண்டு ஓடினவள் இல்லை நீ. தமிழ்ப்பள்ளிக்குப் பல் பார்க்கிற நர்ஸ், அந்தப் பல் மிஸ்ஸி வந்தால் வகுப்பே மேஜைக்கு அடியில் ஒளியும், நீ மட்டும் முதல் ஆளாகப் போய் வாயைத் திறப்பாய் என்று உன் வாத்தியார் இன்றைக்கும் சொல்கிறார். நான் படித்த காலத்திலும் அந்த மிஸ்ஸிகள் வந்தார்கள். 1949-லேயே பினாங்கில் பள்ளிக்கூடப் பல் நர்ஸ்களுக்கென்று பயிற்சி தொடங்கியிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் வாயில் நாலு நல்ல பல் மிஞ்சியதற்கு அவர்கள்தான் காரணம். தருண் ஒன்றாம் வகுப்புக்குப் போனால் அவனையும் பள்ளியிலேயே பார்ப்பார்கள். அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரை பல் தாங்காது.

நம் லயத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பெண் நீ. அப்பா இன்னமும் உன் பட்டமளிப்புப் படத்தைத்தான் வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். சிங்கப்பூர்க் கம்பெனியில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவள் நீ. பிள்ளைக்கு எது நல்லது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தவளுக்குச் செய்ய முடியவில்லை என்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிளினிக்கில் அவர்கள் முதலில் கேட்பது ராத்திரி பிள்ளை என்ன குடிக்கிறான், யார் தூங்க வைக்கிறார்கள் என்பதுதான். நானும் அதைக் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி அவனைத் தூங்க வைப்பது யார்? நீயா, நீ களைத்துப்போய்ப் படுத்த பிறகு அவனே போத்தலோடு தூங்கிவிடுகிறானா? மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். போன தீபாவளிக்கு அவருக்கு ஷிப்ட் என்றாய். பொங்கலுக்கும் ஷிப்ட் என்றாய். "அப்பா எங்கே ஐயா" என்று நான் கேட்டபோது தருண் உன் முகத்தைப் பார்த்தான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. நீ சொல்கிறபோது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவிடமும் அண்ணனிடமும் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

நீ தனியாகப் பார்க்க வேண்டியிருந்தால் தருணை இங்கே கொண்டுவந்து விடு. திருவிழா முடியும் வரைக்கும் இருக்கட்டும், அதற்கு மேலும் இருக்கட்டும். நம் ஊர் அரசாங்கப் பல் கிளினிக்கில் இருக்கிற டாக்டரம்மா பிள்ளைகளிடம் பொறுமையானவர், விசாரித்துவிட்டேன். ராத்திரிப் போத்தலை மறக்கடிப்பது என் பொறுப்பு. நீயும் கூடவே வந்து தங்குவதாக இருந்தால் பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன், மெத்தை வெயிலில் போட்டு எடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளையும் வந்தால் சந்தோஷம். யார் வந்தாலும் எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன்.

வரமுடியாது என்றால் ஜொகூரிலேயே இந்த வாரத்துக்குள் காட்டிவிடு. பார்சலில் பிள்ளைகளுக்கான சின்ன பிரஷ் இரண்டும் பற்பசையும் அனுப்பியிருக்கிறேன், பிடி தடித்தது மடியில் போட்டுத் துலக்க வசதியாக இருக்கும். முறுக்கு உனக்கு. தருணுக்கு வைத்த இனிப்பைத் திருப்பி எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஜொகூர் லார்க்கின் பஸ் நிலையத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்துக்கு வந்துவிடலாம். எந்த நாள் என்று மட்டும் சொல், அப்பா காரோடு வந்து நிற்பார். பஸ்ஸில் அவன் அழுதால் போத்தலில் தண்ணீர் மட்டும் கொடு.

இப்படிக்கு,
அம்மா