எடைக்குப் போடும் முன் ஒரு பட்டியல் ஒட்டுங்கள்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மாடி அலமாரியில் இருந்த பழைய இசைத்தட்டுகளை எடைக்குப் போட்டது உங்களுக்கே தெரியும். அந்தத் தட்டுகள் போய்ச் சேர்ந்த இடத்தில் எந்த நிலையில் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நானும் என் நண்பர்கள் சிலரும் பழைய ரெக்கார்டு தேடி அலைகிறவர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்த கடைகள், திருவல்லிக்கேணிச் சந்துகள் என்று லீவு கிடைத்தால் கிளம்பிவிடுவோம். ஒருவர் நாகஸ்வரத் தட்டாகத் தேடுவார், இன்னொருவருக்கு நாடக செட்டு, அதாவது ஒரே நாடகத்தைப் பல தட்டுகளில் பதிந்த தொகுப்பு, அதுதான் உயிர். கடைக்காரர்கள் பழகிவிட்டதால் சரக்கு வந்தால் போன் செய்வார்கள். அப்படி ஒரு போன் வந்துதான் அந்தக் காயலான் கடைக்குப் போனோம்.

அட்டைகள் ஒரு பக்கம், தட்டுகள் ஒரு பக்கம். அட்டைகளைப் பழைய பேப்பரோடு சேர்த்துச் சணல் கயிற்றில் கட்டியிருந்தார்கள், அது காகித விலை. எல்.பி. என்கிற நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் சாக்கில், அது பிளாஸ்டிக் விலை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டுகளுக்கு எந்த விலையும் கிடையாது என்று கொல்லைப்புறத்தில் சுவரோரம் கொட்டியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் மழை. பாதிக்கு மேல் விரிசல். சிலவற்றில் லேபிள் ஊறி, வழண்டு, நடு ஓட்டையைச் சுற்றி வெறும் கறுப்புதான் மிச்சம். கயிறு கட்டிய அட்டைகளின் மேல் உங்கள் நூலகத்தின் ஊதா நிற வட்ட முத்திரை, பதிவேட்டு எண்ணோடு, தெளிவாக இருந்தது.

அட்டையையும் தட்டையும் பிரித்தால் என்ன போகும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கச்சேரி எல்.பி.யில் வயலின் யார், மிருதங்கம் யார், என்ன ராகம், என்ன தாளம் என்பதெல்லாம் பெரும்பாலும் அட்டையின் பின்பக்கத்தில்தான் விரிவாக இருக்கும். 78-க்கு லேபிள்தான் எல்லாம். கல்கத்தாவில் 1902-இல் பதிவான தட்டுகளில் பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியில், அங்கே இருப்பவர்களுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே. பிற்பாடு லேபிள் இருக்கிறதே என்று அந்த வழக்கம் நின்றுபோனது. அந்த லேபிளும் மழையில் போனால் பாடியவர் பெயரும் அதோடு போயிற்று. அன்று நண்பர் ஒருவர் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, லேபிள் இருந்த இடத்துக்கு வெளியே அரக்கில் அழுத்தியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்து எழுதிக்கொண்டார். அந்த எண்ணை வைத்துப் பழைய கேட்டலாக்குகளில் தேடினால் சிலது பிடிபடும். பலது பிடிபடாது.

நாடக செட்டு ஒன்றில் இரண்டு தட்டுதான் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் என்று துண்டு துண்டாகப் பதிந்த நாடகம் அது. நடுவிலிருந்து இரண்டு தட்டை வைத்துக்கொண்டு கதையை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? இத்தனை வருஷமும் முழு செட்டாக உங்கள் அலமாரியில் இருந்ததுதானே அது!

இசைத்தட்டுகளின் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டு, உறுப்பினர் என்ற முறையில் எழுத்து மூலமாகவே மனுக் கொடுத்திருந்தேன். பதில் இல்லை. நேரில் கேட்டபோது "யாரும் கேட்பதில்லை சார், பிளேயரும் ரிப்பேர்" என்றார்கள். அறையைப் பூட்டி வைத்துவிட்டு யாரும் கேட்பதில்லை என்றால் எப்படி? கணினியில் ஏற்றலாமே என்றதற்குக் காப்புரிமைச் சிக்கல் வரும் என்று பதில். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். நீங்கள் கொட்டிய அரக்குத் தட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் கெடுவை எப்போதோ தாண்டியவை.

இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், தட்டுகள் கனமானவை, இடத்தை அடைப்பவை. பழையவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் நாங்களே வந்து நின்றிருப்போம். காயலான் கடைக்காரர் கொடுத்ததைவிடக் கூடவே கொடுத்திருப்போம்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மார்கழி வந்தால் ஊரெங்கும் பாரம்பரியப் பேச்சுதான். தாத்தா சேர்த்த தட்டுகளை வீடு மாறும்போது குப்பையோடு போடுகிறோம். நல்ல எல்.பி.யின் மேல் பெயின்ட் அடித்துச் சுவர்க் கடிகாரமாக்கி விற்கிறார்கள், அதையும் வாங்குகிறோம். நாடக மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடித்ததில்லை. 1933-இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அவர் குரல் என்று நமக்கு இருப்பது இசைத்தட்டில் பதிந்தது மட்டும்தான். அப்படிப்பட்ட தட்டை மழையில் போடும் ஊரில் எந்தப் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று கோபம் வருகிறது.

கோபத்தை விட்டு, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாடியில் இன்னும் சில பெட்டிகள் மிச்சம் இருப்பதாக உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து அவற்றை எடைக்குப் போடாதீர்கள். என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு வாசலில் ஒட்டுங்கள், ஒரு மாதம் பொறுங்கள். அதன் பிறகும் யாரும் வராவிட்டால் உங்கள் விருப்பம். பட்டியல் போட ஆள் இல்லை என்றால் நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம். தட்டைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பதும், அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியும். உங்கள் ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

காயலான் கடையிலிருந்து நாங்கள் மீட்டவை துடைத்து, உறை போட்டு எங்களிடம் இருக்கின்றன. முத்திரை உங்களுடையது. பூட்டி வைக்க மாட்டோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அத்தனையையும் திருப்பித் தரத் தயார்.

பெட்டிகளைத் திறக்க என்றைக்கு வரலாம் என்று தெரிவித்தால் போதும். என் முகவரி உங்கள் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
நண்பர்கள் சார்பில்,
உங்கள் நூலகத்தின் பழைய உறுப்பினன்